அண்ணா விற்கப் போகிறாராம்: நெடுந்தீவு விடுதி யாருடையது?

நெடுந்தீவில் குடும்ப வீட்டை நான்கு அறை விடுதியாக நடத்திவரும் 43 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டு, பதினொரு பக்கக் கடிதத்தின் சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

ஆசிரியராக இருந்த அவருடைய தந்தை, திருமணமான பின்னர் 1978இல், தன் சம்பளச் சேமிப்பில் பன்னிரண்டு பரப்புக் காணி வாங்கி வீடு கட்டினார். யுத்தகாலத்தில் குடும்பம் இடம்பெயர்ந்தது. 2011இல் தந்தை இறந்தார், உயில் எழுதவில்லை. 74 வயதான தாயார் இருக்கிறார். அண்ணா கனடாவில், அக்கா பிரான்சில். 2012இல் இவர் கணவருடனும் தாயாருடனும் தீவுக்குத் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கிணற்றுக்குள் வேப்பமரம் வளர்ந்திருந்தது. நகையை அடகு வைத்தும் கடன் எடுத்தும் வீட்டைத் திருத்தி, 2015 முதல் அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள். கணவர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் விருந்தினரை ஏற்றித் தீவைச் சுற்றிக் காட்டுகிறார்.

இப்போது கொழும்பிலுள்ள ஒரு நிறுவனம் நல்ல விலை பேசுகிறதாம். “விற்று நாலாகப் பிரிப்போம்” என்கிறார் அண்ணா. “சில வருடங்களுக்கு முன் ‘நீயே வைத்திரு’ என்று வட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரல்பதிவு என்னிடம் இருக்கிறது. பத்து வருடத்துக்கு மேல் ஆண்டுவிட்டேன், பிரதேச சபை உரிமமும் என் பெயரில்தான். கனடாக் குடியுரிமை எடுத்தவருக்கு இங்கே என்ன பங்கு? இந்த வீட்டுக்கு அவர் ஒரு சதமும் தரவில்லை. அம்மாவைக் கொண்டு எல்லாவற்றையும் என் பெயருக்கு எழுதுவித்துவிடலாமா?” என்று கேட்கிறார் வாசகி. கடற்கரைப் பக்கம் இரண்டு குடில் கட்டும் யோசனையும், படகு ஓடாத நாளில் வராமல் போன விருந்தினர் ஒருவருடனான முற்பணத் தகராறும் கடிதத்தின் இறுதியில் வருகின்றன.

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்துடன் உங்கள் கணக்குக் கொப்பியின் சில பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தீர்கள். கடிதத்தைவிட அந்தப் பக்கங்களையே நான் அதிக நேரம் பார்த்தேன். “சீமெந்து 12 பை. குறிகட்டுவானில் ஏற்றுக்கூலி. இறக்குகூலி. நனைந்தது 2 பை” என்று ஒரு பக்கம். யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுபவருக்கு ஒரு செலவு என்றால் தீவில் கட்டுபவருக்கு மூன்று செலவு; கடல் கடந்து போகும் ஒவ்வொரு பைக்கும் இரண்டு கூலி, நனைந்தால் அதுவும் நட்டம். இந்தக் கொப்பியின் பெறுமதியை நீங்கள் உணர்ந்ததாகத் தெரியவில்லை. உங்கள் கைக்குள் இருக்கும் ஆகப் பலமான சான்று அதுதான். நீங்கள் பெரிதாக நம்பியிருக்கும் குரல்பதிவுக்கும் உரிமத்துக்கும் அவ்வளவு பலம் கிடையாது.

கடிதம் முழுவதும் “என் விடுதி” என்று எழுதுகிறீர்கள். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று பொருள்கள் கிடக்கின்றன: காணி, அதன் மேலுள்ள கட்டடம், அதற்குள் நடக்கும் தொழில். தொழில் உங்களுடையது. விருந்தினர் பதிவேடு, நற்பெயர், உரிமம், கட்டில், மெத்தை, தண்ணீர்த் தாங்கி எல்லாம் உங்களுடையவை. காணியில் உங்களுக்கு ஒரு பங்குதான். கட்டடமோ நம் சட்டப்படி மண்ணோடு போவது; அதில் நீங்கள் போட்ட பணத்துக்கு ஈடு கேட்கும் உரிமை இருக்கிறதே தவிர, கட்டியவர் என்பதற்காக மண் உங்களுடையதாகிவிடாது. அண்ணாவோடு பேசும்போது இந்த மூன்றையும் தனித்தனியாக வைத்துப் பேசினால் பாதிச் சண்டை குறையும் என்பது என் அனுபவம். அவர் விலை பேசுவது காணிக்கு. நீங்கள் காப்பாற்ற நினைப்பது தொழிலை.

யாருக்கு எவ்வளவு?

அண்ணா “நாலாகப் பிரிப்போம்” என்கிறார். நீங்கள் “எனக்கே முழுவதும்” என்கிறீர்கள். இரண்டும் சரியில்லை.

உங்கள் குடும்பத்துக்குப் பொருந்துவது தேசவழமை. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுத்து முடிக்கப்பட்டு, பின்னர் ஆங்கிலேயர் 1806இல் ஏற்றுக்கொண்ட, யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டம் அது. அதில் திருமணச் சொத்து, உரித்து ஆகியவை பற்றிய பகுதிகளை 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், உரித்துக் கட்டளைச் சட்டம் மாற்றியமைத்தது. 1947இல் அதுவும் திருத்தப்பட்டது. திருமண வாழ்க்கையின்போது ஒருவர் தன் உழைப்பால் விலை கொடுத்து வாங்கியது தேடிய தேட்டம். உங்கள் தந்தை 1978இல் சம்பளப் பணத்தில் வாங்கிய காணி இந்த வகைக்குள் வருகிறது. அவர் உயில் எழுதாமல் இறந்ததால் அதில் பாதி உயிரோடிருக்கும் மனைவிக்கு, அதாவது உங்கள் தாயாருக்கு. மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக.

பன்னிரண்டு பரப்பில் தாயாருக்கு ஆறு. அண்ணா, அக்கா, நீங்கள் ஆளுக்கு இரண்டு. ஆக, கனடாவிலிருந்து முழுக் காணிக்கும் விலை பேசிக்கொண்டிருக்கும் உங்கள் அண்ணாவின் கையில் இருப்பது ஆறில் ஒரு பங்கு. அந்தக் கொழும்பு நிறுவனத்துக்கு இதை யாராவது சொன்னார்களா என்று தெரியவில்லை. அவர்களுடைய சட்டத்தரணி காணி உறுதியைப் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்.

ஒரு விடயத்தை நீங்கள் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். தந்தை அந்தக் காணியை உண்மையிலேயே சம்பளத்தில்தான் வாங்கினாரா, அல்லது பெற்றோர் வழி வந்த தன் முதுசக் காணி ஒன்றை விற்ற பணத்தில் வாங்கினாரா? முதுசத்தை விற்று வாங்கியது என்றால் அது தேடிய தேட்டம் ஆகாது. பங்குக் கணக்கே மாறிவிடும். 1978ஆம் ஆண்டு உறுதியில் இதைப் பற்றி ஒரு வரி இருக்கக்கூடும். உறுதிகளை எழுதிய பழைய நொத்தாரிசுகள் அப்படி எழுதும் வழக்கம் உண்டு. தாயாருக்கும் நினைவிருக்கும், அவர் நினைவு தெளிவாக இருக்கும்போதே கேட்டு வையுங்கள்.

நீங்கள் நம்பியிருக்கும் நான்கு விடயங்கள்

முதலாவது, பத்து வருட ஆட்சி. 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி, வேறொருவர் காணியைப் பத்து வருடம் எதிர்ப்பாக, இடையறாமல் ஆண்டவர் உரித்துக் கோரலாம் என்பது உண்மை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் இது ஒன்றுதான். அரைகுறையாகத் தெரிந்ததும் இதுதான். கூட்டுச் சொந்தக்காரர்களில் ஒருவர் காணியில் இருப்பது மற்றவர்களுக்காகவும் இருப்பதாகவே கருதப்படும் என்று அப்போது நமக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த பிரித்தானியக் கோமறைக் கழகம் இலங்கை வழக்கொன்றில் 1911இலேயே தீர்ப்பளித்துவிட்டது. மற்றப் பங்காளிகளை வெளியே தள்ளி, “இனி இது எனக்கு மட்டுமே” என்று வெளிப்படையாக நின்ற நாளிலிருந்துதான் பத்து வருடம் ஓடத் தொடங்கும். நீங்களோ விடுமுறைக்கு வந்த அண்ணாவுக்கு முன்னறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறீர்கள். தாயார் அதே வீட்டில் இருக்கிறார். அது நல்ல குடும்பம் செய்யும் காரியம். ஆனால் காலாவதி வழக்குக்கு அது உதவாது.

இரண்டாவது, குரல்பதிவு. நான் அதைக் கேட்டேன். அன்பாகத்தான் பேசியிருக்கிறார். ஆனால் அசையாச் சொத்தின் கைமாற்றம் நொத்தாரிசின் முன், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும் என்று 1840ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கிறது. வாயால் சொன்னதும் வட்ஸ்அப்பில் சொன்னதும் ஒன்றுதான். பதிவை அழித்துவிட வேண்டாம். அவருடைய சம்மதத்தோடுதான் நீங்கள் திருத்த வேலைகள் செய்தீர்கள் என்பதற்கு அது பயன்படும். காணியை மட்டும் அது தராது. அக்கா “எனக்கு ஒன்றும் வேண்டாம்” என்று சொல்வதும் இப்படியே. சொல்வது அவருடைய நல்ல மனம். எழுதித் தரும்வரை இரண்டு பரப்பு அவருடையது. அவருக்குப் பின் அவருடைய பிள்ளைகளுடையது. பாரிசில் பிறந்த அந்தப் பிள்ளைகளுக்கு உங்களைத் தெரியுமா?

மூன்றாவது, உரிமமும் பதிவும். பிரதேச சபை உரிமம், பிரதேச செயலகத்தில் செய்த தொழிற்பெயர்ப் பதிவு, சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைப் பதிவு எல்லாம் தொழிலை யார் நடத்துகிறார் என்பதைச் சொல்பவை. காணி யாருடையது என்று அவை சொல்வதில்லை. வீட்டுக்குக் கட்டும் சோலைவரிப் பற்றுச்சீட்டும் அப்படியே.

நான்காவது, அண்ணாவின் குடியுரிமை. இதை உங்கள் கணவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர்களுக்கும், பாதியோ அதற்கு மேலோ வெளிநாட்டுப் பங்குள்ள நிறுவனங்களுக்கும் காணியைக் கைமாற்றுவதைத் தடுக்கிறது. உரித்து வழியாக உறவினருக்கு வருவதை அது தடுக்கவில்லை. தந்தையின் காணியில் அண்ணாவுக்குப் பங்கு இருக்கிறது. அந்தச் சட்டத்தை நீங்கள் பயன்படுத்தக்கூடிய இடம் வேறு: வாங்க வரும் நிறுவனத்தின் பங்குகள் யாருடைய கையில் இருக்கின்றன என்று விசாரியுங்கள்.

“ஒரு சதமும் தரவில்லை”

இதை எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தில், 2013 ஐப்பசிப் பக்கத்தில், கீழிருந்து நாலாவது வரி: “கூரை ஓட்டுக்கு, தம்பி அனுப்பியது.” மற்ற வரிகள் உங்கள் கையெழுத்து, இது வேறு கை. உங்கள் தாயாரின் கையாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். வீட்டில் அண்ணாவை அவர் தம்பி என்று கூப்பிடுவதாகக் கடிதத்தில் இன்னோரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. பத்துப் பதினொரு வருடம் தலையில் சுமந்தவருக்கு, யாரோ ஒருநாள் கை கொடுத்தது நினைவில் நிற்காமல் போவது இயல்பு. ஆனால் நீதிமன்றத்தில் அந்தக் கொப்பியை நீட்டினால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் விரல் வைப்பது அந்த வரியில்தான். அதன்பின் மற்ற எல்லா வரிகளின் மேலும் சந்தேகம் விழும். அண்ணாவோடு பேசும்போது அந்தத் தொகையை நீங்களே முதலில் எடுத்துச் சொல்லுங்கள். “கூரை நீங்கள் போட்டது” என்று நீங்கள் தொடங்கினால், “மிச்சம் நீ போட்டது” என்று அவர் முடிப்பதற்கு ஒரு வழி பிறக்கும்.

அண்ணா விற்கலாமா?

தன் பிரிபடாத ஆறில் ஒரு பங்கை விற்க அவருக்கு உரிமை உண்டு. உங்கள் சம்மதம் தேவையில்லை. ஆனால் இங்கே தேசவழமை உங்கள் கையில் ஒரு நல்ல ஆயுதத்தைத் தந்திருக்கிறது: முன்கொள்வனவு உரிமை. 1947ஆம் ஆண்டின் தேசவழமை முன்கொள்வனவுக் கட்டளைச் சட்டத்தின்படி, கூட்டுக் காணியில் தன் பங்கை வெளியாருக்கு விற்க நினைப்பவர் முதலில் மற்றப் பங்காளிகளுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்க வேண்டும். வெளியார் தரும் அதே விலைக்கு வாங்கிக்கொள்ளும் முதல் உரிமை உங்களுக்கும் தாயாருக்கும் அக்காவுக்கும் இருக்கிறது. அறிவித்தல் இல்லாமல் விற்றால் வழக்குத் தொடுத்து அந்தப் பங்கைக் கேட்கலாம். வழக்குத் தொடுக்கும் காலம் குறுகியது. “பிறகு பார்ப்போம்” என்று இருந்துவிட முடியாது.

இதை வாசித்ததும் மகிழ்ந்துவிட வேண்டாம். முன்கொள்வனவு என்றால் கொள்வனவு; காசு கொடுத்து வாங்குவது. கம்பனிக்காரர் தீவுக் காணிக்குச் சொல்லும் விலையை உங்களால் கொடுக்க முடியுமா? இரண்டு பரப்பின் விலையை எப்படித் திரட்டுவது என்பதை இப்போதே கணவரோடு இருந்து கணக்குப் பாருங்கள். பணம் ஆயத்தமாக இல்லாதவருக்கு இந்த உரிமை வெறும் கடதாசி.

அண்ணாவிடம் இன்னொரு வழியும் இருக்கிறது. 1977ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழ் எந்தப் பங்காளியும், எவ்வளவு சிறிய பங்குள்ளவரும், மாவட்ட நீதிமன்றத்தில் பிரிவினை வழக்குப் போடலாம். அப்படி வந்தால் நீதிமன்றம் நில அளவையாளரை அனுப்பும். கட்டடம், கிணறு, மதில், தென்னை எல்லாம் யார் வைத்தது என்று பதிவாகும். உங்கள் திருத்த வேலைகளுக்கு ஈடு கேட்கலாம். வீடு நிற்கும் துண்டை உங்களுக்கே ஒதுக்கும்படியும் கேட்கலாம். கொப்பி பேசப்போவது அங்கேதான். ஆனால் பிரிவினை வழக்கு எத்தனை வருடம் போகும் என்று என்னிடம் கேட்காதீர்கள். தகப்பன் போட்ட வழக்கில் மகன் சாட்சி சொல்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தவணைக்கும் நீங்கள் விடியற்காலைப் படகு பிடித்து வரவேண்டும். கடல் கொந்தளித்தால் தவணை தவறும்.

அம்மாவின் பாதி

தாயார் விதவை, அவர் தன் ஆறு பரப்பை யாருக்கும் நன்கொடை உறுதி எழுதலாம். யாரிடமும் கேட்கத் தேவையில்லை. முன்கொள்வனவுச் சட்டம் விற்பனைக்குத்தான்; நன்கொடைக்கு அது குறுக்கே வராது. ஆறும் உங்களுக்கு வந்தால் உங்களிடம் பன்னிரண்டில் எட்டு. சட்டப்படி முடியும்.

நான் அப்படிச் செய்யச் சொல்லமாட்டேன். 74 வயதுத் தாய், தன்னைப் பராமரிக்கும் மகளுக்கு மட்டும், மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் எழுதிய உறுதியை உடைக்க வரும் வழக்குகள் எப்படி ஆரம்பிக்கும் என்று எனக்குத் தெரியும்: “அம்மாவுக்கு என்ன எழுதுகிறோம் என்றே தெரியாது” என்பதுதான் முதல் வரி. பிறகு அம்மாவைக் கூண்டில் ஏற்ற வேண்டும். வீடு, கிணறு, முன்முற்றம், அறைகள் நிற்கும் நாலு பரப்பைத் தாயார் உங்களுக்கு எழுதட்டும்; மிச்ச இரண்டைத் தன் கையில் வைத்துக்கொள்ளட்டும். உங்கள் சொந்த இரண்டோடு சேர்த்து ஆறு பரப்பு விடுதிக்குப் போதும் என்றே உங்கள் வரைபடத்தைப் பார்த்தால் தோன்றுகிறது.

அந்த உறுதியில் தாயாருக்குச் சீவிய உருத்து, அதாவது உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமை, ஒதுக்கப்பட வேண்டும். நீங்கள் அவரை வெளியே அனுப்பிவிடுவீர்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நாளைக்கு உங்களுக்கு ஏதும் நேர்ந்தால் வீடு உங்கள் வாரிசுகளுக்குப் போகும். அப்போதும் அவருக்குத் தன் வீட்டில் இருக்கும் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். உங்கள் நொத்தாரிசு எழுதாமல், தாயார் தானே தெரிவு செய்யும் ஒருவர் எழுதட்டும். எழுதும் நாளில் நீங்கள் அறைக்குள் இருக்க வேண்டாம். அவருடைய வைத்தியரிடம் ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள். இவையெல்லாம் அதிகப்படியாகத் தோன்றும். பின்னால் அண்ணா வாசிக்கும்போது தோன்றாது.

ஒன்று, உங்களையே பாதிப்பது. அப்படிக் கிடைக்கும் காணி உங்களுடையது என்றாலும், தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். வங்கிக்குப் போகும்போது கணவரும் கையெழுத்திட வேண்டியிருக்கும். அவர் காரணமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்திடம் சம்மதம் கேட்கலாம். 1911இல் எழுதிய இந்த ஏற்பாட்டை இன்னும் ஏன் வைத்திருக்கிறோம் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் இன்றுவரை அதுதான் சட்டம்.

பிரிவிடல் உறுதி

வழக்கில்லாமல் முடிக்கும் வழி இருக்கிறது. நால்வரும் சேர்ந்து நில அளவையாளரைக் கொண்டு காணியை அளந்து, யார் துண்டு எது என்று குறித்து, ஒரு நொத்தாரிசின் முன் பிரிவிடல் உறுதி எழுதலாம். அண்ணாவின் இரண்டு பரப்பை வீதிப் பக்கமாக, தனி வாசலோடு ஒதுக்குங்கள். விற்க நினைப்பவருக்கு வாசல்தான் முக்கியம். வீட்டுக்குப் பின்னால் பனையடைப்புக்குள் ஒரு மூலையைக் காட்டினால் அவர் கையெழுத்திடமாட்டார். நானும் இடச் சொல்லமாட்டேன். அக்கா பிரான்சிலிருந்து வர முடியாவிட்டால் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தின் மூலம், தனக்காக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் அற்றோர்னித் தத்துவம் அனுப்பலாம். தத்துவம் கொடுத்தவர் இறந்தால் அதுவும் அன்றோடு முடிந்துவிடும் என்பதால் அதை வைத்துக்கொண்டு வருடக்கணக்காகக் காத்திருக்க வேண்டாம். தந்தையின் ஆதனத்துக்கு, இறந்தவரின் சொத்தை நீதிமன்றத்தின் மூலம் நிர்வகிக்கும் மரணசாதன வழக்கு முதலில் தேவையா என்பது ஆதனத்தின் பெறுமதியைப் பொறுத்தது. உறுதியோடு ஒரு சட்டத்தரணியை நேரில் பார்த்து இதை முதலில் முடிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் பின்னால் எழுதும் உறுதிகள் எல்லாம் ஆட்டம் காணும்.

அறை வருமானத்தில் அண்ணா கணக்குக் கேட்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கேட்கலாம். பொதுக் காணியில் வரும் வருமானம் என்று அவர் சொல்வார். என் உழைப்பும் என் முதலும் என்று நீங்கள் சொல்வீர்கள். இரண்டிலும் உண்மை உண்டு. இந்த மாதத்திலிருந்தாவது வீட்டுச் செலவுக் கொப்பியையும் விடுதிக் கொப்பியையும் வேறாக்குங்கள். விருந்தினர் தின்ற மீனும் பிள்ளைகள் தின்ற மீனும் ஒரே வரியில் கிடக்கின்றன.

கடற்கரைக் குடில்கள்

இப்போது ஒரு கல்லும் வைக்க வேண்டாம். காரணம் இரண்டு. கூட்டுக் காணியில் மற்றவர்களின் சம்மதமில்லாமல் புதிதாகக் கட்ட முற்பட்டால் எந்தப் பங்காளியும் தடையுத்தரவு வாங்கலாம். அண்ணாவுக்கு அந்தச் சந்தர்ப்பத்தை நீங்களே கொடுக்க வேண்டாம். அடுத்தது, கடலின் சராசரி உயர்நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப் பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்று 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அதற்குள் கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ஓலைக் குடில்தானே என்று நினைக்க வேண்டாம். “பழைய கல்வேலியைப் பிரித்து அத்திவாரத்துக்குப் போடலாம்” என்று எழுதியிருந்தீர்கள். சாந்து பூசாமல் பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய அந்த வேலியைப் படமெடுக்கத்தான் பாதி விருந்தினர் வருகிறார்கள். அதில் கை வைக்காதீர்கள்.

படகும் உழவு இயந்திரமும்

முற்பணத் தகராறு சிறிய விடயம். சோளகக் காற்றில் சேவை நிறுத்தப்பட்டு, குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து திரும்பிப்போன மனிதர் அவர். அறை தயாராக இருந்தது, ஆகவே பணம் எனக்கே என்று வாதிடலாம், வெல்லவும் கூடும். ஓர் இரவு வாடகைக்காக அந்த வாதம் வேண்டாம். திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இனிமேல் முன்பதிவு செய்பவருக்கு அனுப்பும் செய்தியில் மூன்று வரி சேருங்கள்: படகுச் சேவை நிறுத்தப்பட்டால் திகதி மாற்றம் அல்லது முழுப் பணம், படகைத் தவறவிட்டால் முதல் இரவு வாடகை பிடிக்கப்படும், தீவில் அகப்பட்டுக்கொண்டால் மேலதிக இரவுக்கு இன்ன தொகை. மூன்றாவதை யாரும் எழுதி வைப்பதில்லை. சண்டை வருவதோ பெரும்பாலும் அதில்தான்.

இதைவிட எனக்குப் பயம் தருவது நீங்கள் போகிறபோக்கில் சொன்ன உழவு இயந்திரம். பெட்டியில் பிளாஸ்டிக் கதிரை வைத்து, குதிரைகளையும் பெருக்க மரத்தையும் கோட்டையையும் காட்டக் கூட்டிப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து வாசியுங்கள். கூலிக்கு ஆட்களை ஏற்றுவதற்கு அது இடம் தராவிட்டால், ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த நாளில் நட்டஈடு உங்கள் இரண்டு பரப்பிலிருந்துதான் போகும். கதிரையைக் கட்டாமல் வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

ஆடியில் அண்ணா வருவதாக எழுதியிருந்தீர்கள். அவர் வந்திறங்கும் நாளிலும் வேண்டாம், புறப்படும் நாளிலும் வேண்டாம். கடைசிப் படகுக்கு நேரம் பார்த்துக்கொண்டு பேசும் காணிப் பேச்சு ஒருபோதும் நன்றாக முடிந்ததில்லை. நடுவில் ஒருநாள், அறைகளில் விருந்தினர் இல்லாத நாளாகப் பார்த்து, தாயாரையும் வைத்துப் பேசுங்கள். அக்காவைத் தொலைபேசியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. 1978ஆம் ஆண்டு உறுதி தகரப் பெட்டிக்குள் மடிப்பு விட்டுக் கிடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உப்புக் காற்றில் அது இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்ல முடியாது. அடுத்த முறை சாமான் வாங்க யாழ்ப்பாணம் வரும்போது அதை எடுத்து வந்து அத்தாட்சிப்படுத்திய பிரதி இரண்டு எடுங்கள். அப்படியே காணிப் பதிவகத்துக்குப் போய் அந்தக் காணியின் தோம்பை, அதாவது அதன் பதிவேட்டை, எடுத்துப் பாருங்கள். அண்ணா ஏற்கனவே ஏதாவது எழுதிக் கொடுத்துப் பதிந்திருந்தால் அது அங்கே இருக்கும். இருந்தால் ஆடி மாதம் வரை காத்திருக்காமல் அன்றைக்கே எனக்கு அறிவியுங்கள்.